எருவாவிலிருந்து இபாதான் சபாநாயகர் நாற்காலி வரை: ஒரு நைஜீரிய மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் பாதை

பனையோலை எழுதியது:

நைஜீரிய அரசியல் என்றால் நம் பக்கம் பேச்சு தலைநகர் அபுஜாவோடு நின்றுவிடுகிறது. அதிபர், செனட், எண்ணெய். 36 மாநிலங்களிலும் தனித்தனிச் சட்டமன்றம் இருக்கிறது, மொத்தம் 993 தொகுதிகள். அந்த 993 பேரில் பெரும்பாலோர் ஏதாவது தொழில் செய்துவிட்டு வந்தவர்கள். அப்படி ஒருவரை எடுத்துக்கொண்டு, பாதை எப்படிப் போகிறது, எங்கே இடறுகிறது என்று பேசலாம் என்றுதான் இந்த இழை.

ஆள்: அடெபோ ஒகுண்டோயின். ஓயோ மாநிலம் (தலைநகர் இபாதான்), இபாரபா கிழக்குத் தொகுதி. பிறந்தது 1987. சொந்த ஊர் எருவா. தந்தை அடெசெயுன் ஒகுண்டோயின் பெரிய தொழிலதிபர், ஊருக்கு அள்ளிக் கொடுத்தவர் என்று பெயர். எருவாவில் இருக்கும் பாலிடெக்னிக்கே அவர் பெயரில்தான் இயங்குகிறது. மகன் வேளாண் தொழிலில் இருந்தவர்.

2018 ஏப்ரல் 27 அன்று அப்போதைய ஓயோ சபாநாயகர் மைக்கேல் அடெயெமோ காலமானார். அவர் தொகுதிதான் இபாரபா கிழக்கு. ஜூன் 2 இடைத்தேர்தல். மாநிலத்தில் ஆட்சி ஏ.பி.சி. கட்சியிடம், ஆளுநர் அபியோலா அஜிமோபி. இறந்த சபாநாயகரும் அதே கட்சி. அனுதாபமும் ஆட்சிபலமும் ஒரே பக்கம் இருந்தும், எதிர்க்கட்சியான பி.டி.பி. சார்பில் நின்ற ஒகுண்டோயின் ஜெயித்தார். 2019 மார்ச்சில் அதே தொகுதியில் மறுபடி வெற்றி. அந்த முறை ஆளுநர் பதவியும் பி.டி.பி.யின் செயி மக்கிண்டேயிடம் வந்தது. ஜூன் 10 அன்று ஒன்பதாவது சட்டமன்றம் கூடியபோது சபாநாயகர் ஆனார், வயது 32. 2023-இல் மூன்றாம் முறை உறுப்பினர், இரண்டாம் முறை சபாநாயகர். அதே ஆண்டு மாநிலச் சபாநாயகர்கள் மாநாட்டின் தலைவர் பதவியும் வந்தது.

சட்டமன்றத்துக்குள் நுழைந்து ஓராண்டில் சபாநாயகர் நாற்காலி. இது தனிமனிதத் திறமை மட்டுமா, இல்லை அங்குள்ள அமைப்பே அப்படியா? தெரிந்தவர்கள் வாருங்கள்.

---

சட்டக்குறிப்பு எழுதியது:

நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள் தோழர். அடிப்படையை முதலில் போட்டுவிடுகிறேன், பிறகு வாதம் செய்யச் சுலபமாக இருக்கும். எல்லாம் 1999 அரசமைப்பிலிருந்து.

பிரிவு 91: ஒரு மாநிலச் சட்டமன்றத்தில் குறைந்தது 24, அதிகபட்சம் 40 பேர். லாகோஸ், கானோ 40. ஓயோ 32.

பிரிவு 106: நிற்க வேண்டுமானால் குடியுரிமை, பள்ளி இறுதிச் சான்றிதழ் அளவு படிப்பு, ஒரு கட்சியின் உறுப்பினராக இருத்தல், அந்தக் கட்சியின் ஆதரவு. சுயேச்சைக்கு இடமே கிடையாது. இதை ஆழமாக மனதில் வையுங்கள், பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் ஊற்றுக்கண் இதுதான்.

வயது முன்பு 30. இளைஞர்கள் போராடிக் கொண்டுவந்த திருத்தத்தில் 25 ஆகக் குறைந்தது. அப்போதைய அதிபர் புஹாரி அதில் கையெழுத்திட்டது 2018 மே 31, அதாவது எருவா இடைத்தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு. பல பதிவுகளில் ஒகுண்டோயினை அந்தச் சட்டத்தின் விளைச்சல் என்று எழுதுகிறார்கள். தப்பு. அவருக்கு அப்போதே 31, பழைய விதிப்படியே தகுதி இருந்தது.

---

வரவுசெலவு எழுதியது:

பணக் கணக்கைப் பேசாமல் இந்தப் பாதை புரியாது.

2022-இல், அடுத்த ஆண்டுத் தேர்தலுக்காகக் கட்சிகள் வேட்புமனுப் படிவம் விற்றன. மாநிலச் சட்டமன்றத்துக்கு ஏ.பி.சி. 20 லட்சம் நைரா வாங்கியது. பி.டி.பி. 6 லட்சம். இது கட்சிக்குள் போட்டியிட மட்டும். தோற்றால் திரும்பாது.

உறுப்பினரின் ஆண்டு அடிப்படைச் சம்பளம், வருவாய்ப் பங்கீட்டு ஆணையம் வகுத்த பட்டியலில், 13,37,225 நைரா. மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 1,11,435. படிகள் தனி. பதவிக்காலம் முடிந்து போகும்போது ஆண்டு அடிப்படையின் 300 விழுக்காடு பணிக்கொடை. ஆக, ஏ.பி.சி. படிவத்தின் விலை ஒன்றரை ஆண்டு அடிப்படைச் சம்பளம்.

2022 தேர்தல் சட்டம் ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவழிக்க விதித்த உச்சவரம்பு 3 கோடி நைரா. அந்த வரம்பு வரை ஒருவர் செலவழித்தால் அது 22 ஆண்டு அடிப்படைச் சம்பளம். பதவிக்காலமோ 4 ஆண்டு. சம்பளத்தை நம்பி யாரும் வர முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஏற்கெனவே தொழில் இருப்பவர் வருகிறார், அல்லது பின்னால் பணம் போடும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார். இரண்டாம் வகைதான் ஆபத்து.

---

நிலாமுற்றம் எழுதியது:

கட்சிக்குள் போட்டி என்கிறீர்களே, அது எப்படி நடக்கும்? உறுப்பினர் எல்லோரும் ஓட்டுப் போடுவார்களா?

---

சட்டக்குறிப்பு எழுதியது:

நிலா, 2022 சட்டத்தின் பிரிவு 84 மூன்று வழி தந்தது. நேரடி: கட்சி உறுப்பினர் எல்லோரும் வாக்களிப்பது. மறைமுகம்: பிரதிநிதிகள் மட்டும். ஒருமனது: மற்ற போட்டியாளர்கள் எல்லோரும் விலகுவதாகக் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும், ஒருவர் மறுத்தாலும் செல்லாது.

2022-இல் பெரும்பாலும் மறைமுகம்தான் நடந்தது. பி.டி.பி.யில் வார்டுக்கு மூன்று தற்காலிகப் பிரதிநிதிகள். 10 வார்டு கொண்ட தொகுதி என்றால் 30 பேர். அந்த 30 பேரில் 16 பேர் பக்கம் வந்துவிட்டால் வேட்பாளர். அந்தச் சட்டத்தில் பதவிவழிப் பிரதிநிதிகளுக்கு, அதாவது ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களுக்கு, இடம் விட்டுப்போனது. நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தும் அதிபர் கையெழுத்திடவில்லை. அதனால் 2022-இல் பல கட்சித் தலைவர்கள் தங்கள் சொந்தக் கட்சியின் தேர்விலேயே வாக்களிக்க முடியாமல் போனது.

30 பேர் என்பது ஒரு கல்யாணப் பந்தியின் ஒரு வரிசை. அந்த 30 பெயரையும் யார் எழுதினாரோ அவர்தான் வேட்பாளரை முடிவுசெய்தார். வார்டு மாநாடு நடந்த நாளிலேயே பாதித் தேர்தல் முடிந்துவிட்டது. தொழில் செய்பவர்கள் இதில் ஏமாறுவது வழக்கம். சுவரொட்டி, வானொலி, இலவச மருத்துவ முகாம் என்று பொதுமக்களிடம் பணத்தை இறைப்பார்கள். வார்டு பட்டியலில் தங்கள் ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

---

கிழக்குவாசல் எழுதியது:

இதோடு காகித வேலையும் சேரும். தேர்தல் ஆணையத்தின் ஈ.சி.9 என்ற சத்தியக் கடுதாசி. படிப்பு, பெயர், வயது எல்லாம் அதில். அதில் பொய் இருக்கிறது என்று கட்சிக்குள் போட்டியிட்டவர் கூட்டாட்சி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 14 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும், 180 நாளுக்குள் தீர்ப்பு.

பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், பட்டத்தில் வேறு பெயர் என்பதுதான் ஆளைக் கவிழ்க்கும் இடம். பயெல்சா மாநிலத்தில் 2020 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் டேவிட் லயனின் ஆளுநர் வெற்றியைச் செல்லாததாக்கியது. மறுநாள் பதவியேற்பு. காரணம் அவர் இல்லை. துணை ஆளுநர் வேட்பாளரின் சான்றிதழ்களில் பெயர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. தொழிலில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று இருப்பவர்கள் பெயர்மாற்ற உறுதிமொழியும் செய்தித்தாள் அறிவிப்பும் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். தேர்தலுக்கு முந்தின மாதம் ஓடினால் அதுவே சந்தேகத்துக்கு ஆதாரமாகிவிடும்.

---

பனையோலை எழுதியது:

அப்படியானால் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி. உறுப்பினரான பிறகு கம்பெனியை நடத்தலாமா? ஒகுண்டோயின் போன்றவர்கள் அதை என்ன செய்ய வேண்டும்?

---

சட்டக்குறிப்பு எழுதியது:

இந்த இடத்தில்தான் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணை வருகிறது. பொதுப்பதவியாளர் நடத்தை நெறி. இரண்டாவது பத்தியின் சாரம்: முழுநேரப் பதவியில் இருப்பவர் தனியார் தொழிலையோ வணிகத்தையோ நடத்துவதில் பங்கெடுக்கக் கூடாது, ஆனால் விவசாயம் செய்வதை இது தடுக்காது.

விவசாயத்துக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அங்கே பதவியில் இருப்பவர்களில் இத்தனை பேர் பண்ணை வைத்திருப்பதற்கு இந்த ஒரு வரி பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இபாரபா போன்ற விவசாயப் பூமியிலிருந்து வருகிறவருக்கு இது இயல்பாகப் பொருந்தும். சிமெண்ட் வியாபாரியோ ஒப்பந்ததாரரோ வந்தால் நடைமுறை வேறு: இயக்குநர் பதவியிலிருந்து விலகி அதைக் கம்பெனிப் பதிவகத்தில் பதிய வேண்டும், காசோலையில் கையெழுத்திடும் உரிமையை வேறொருவருக்கு மாற்ற வேண்டும். பங்கு வைத்திருப்பதும் நிர்வாகம் செய்வதும் ஒன்றல்ல. பங்கை வைத்துக்கொள்ளலாம், ஆனால் சொத்துக் கணக்கில் காட்ட வேண்டும்.

அடுத்த பத்தி இன்னும் கடுமை. சட்டமன்ற உறுப்பினர் நைஜீரியாவுக்கு வெளியே வங்கிக் கணக்கு வைத்திருக்கவோ இயக்கவோ கூடாது. ஏற்றுமதி செய்பவருக்கு இது அடிமடியில் கைவைப்பது போல. முந்திரியோ கொக்கோவோ வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கேயே பணம் வாங்கும் கணக்கு அவர் பெயரில் இருந்தால் பதவியேற்புக்கு முன் மூடிவிட வேண்டும்.

பிரிவு 94: சொத்து விவரம் தாக்கல் செய்து உறுதிமொழி எடுத்த பிறகுதான் இருக்கை. அதற்கு முன் ஒரே ஒரு வேலையில் கலந்துகொள்ளலாம், சபாநாயகரையும் துணைச் சபாநாயகரையும் தேர்ந்தெடுப்பது. பதவிக்காலம் முடியும்போது மறுபடி தாக்கல். பொய்யென்று நடத்தைத் தீர்ப்பாயத்தில் நிரூபணமானால் பதவி போகும், 10 ஆண்டு வரை எந்தப் பொதுப்பதவிக்கும் வர முடியாது, தவறாகச் சேர்த்த சொத்து அரசுக்கு.

---

மரவள்ளி எழுதியது:

விவசாயம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள், இபாரபாவில் அது என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன்.

எருவா, லன்லாத்தே, இக்போ-ஓரா, இதேரே, அயெத்தே, தாபா, இகாங்கன் என்று ஏழு ஊர். யொருபாவில் இபாரபா மேஜே என்பார்கள், மேஜே என்றால் ஏழு. இரட்டைக் குழந்தைகளுக்குப் பேர்போன இக்போ-ஓரா இதில்தான். மரவள்ளி, சோளம், தர்பூசணிச் சாதி விதையான எகுசி, முந்திரி. இபாதானில் 1967-இல் தொடங்கிய பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிலையத்தின் மரவள்ளி ரகங்கள் இந்தப் பக்கம் நன்றாகப் பரவியிருக்கின்றன.

மரவள்ளியை ஏன் இழுக்கிறேன் என்றால், உறுப்பினர்கள் தொகுதிக்குக் கொடுக்கும் உதவியில் பாதி இதைச் சுற்றியே இருக்கும். அதில் நடக்கும் தவறும் எப்போதும் ஒன்றேதான். ஒரு ஹெக்டேருக்கு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் 10,000 கரணை வேண்டும், ஒவ்வொன்றும் 25 செ.மீ. நீளம். மழை பிடித்த பிறகு, ஏப்ரலிலிருந்து நடவேண்டும். ஆனால் விநியோக விழா எப்போது நடக்கும்? பட்ஜெட் பணம் விடுபடும்போது, அதாவது ஆண்டுக் கடைசியில். நவம்பரில் சகாராவிலிருந்து வரும் வறண்ட ஹர்மாட்டான் காற்று எட்டிப்பார்க்கிறது, மண் காய்ந்துவிட்டது. வெட்டிய குச்சி நிழலில் சில வாரம் தாங்கும், மார்ச் வரை தாங்காது. மேடையில் கொடுத்த கட்டு அடுப்பெரிக்கப் போகிறது.

இரண்டாவது, துருவும் இயந்திரம். பெட்ரோல் மோட்டார் வைத்த துருவியை ஒரு பெண்கள் குழுவுக்குக் கொடுப்பார்கள். பிழியும் அழுத்தியும் வறுக்கும் தட்டும் இல்லாமல் துருவி மட்டும் வந்தால் வேலை நடுவில் நிற்கும். பறித்த கிழங்கு 2, 3 நாளில் நீலம் ஓடிக் கெட ஆரம்பித்துவிடும். உரி, துருவு, சாக்கில் கட்டிப் புளிக்க விட்டுப் பிழி, சலி, வறு: அப்புறம்தான் கரி. ஒரு டன் கிழங்குக்கு 200 முதல் 250 கிலோ கரி கிடைக்கும். (இந்தக் ‘கரி’ அடுப்புக்கரி இல்லை, வறுத்த மரவள்ளி ரவை.)

பண்ணைத் தொழில் தெரிந்தவர் உறுப்பினராக வரும்போது இந்த நாள்காட்டி அவருக்குத் தெரியும் என்பது பெரிய ஆதாயம். பட்ஜெட்டில் உள்ளீட்டுப் பணத்தைப் பிப்ரவரிக்குள் விடச்சொல்லிக் கேட்கலாம். கேட்டால் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி.

---

வரவுசெலவு எழுதியது:

மரவள்ளி சொன்ன கடைசி வரிதான் விஷயமே. கேட்டால் கிடைக்காது, ஆளுநர் மனம் வைத்தால் கிடைக்கும்.

காகிதத்தில் சட்டமன்றத்துக்குப் பட்ஜெட் அதிகாரம் முழுசாக இருக்கிறது. பிரிவு 121-இன்படி ஆளுநர் வைக்கும் வரவுசெலவை அது ஒப்புக்கொண்டால்தான் பணம் எடுக்க முடியும். ஆனால் சட்டமன்றத்தின் சொந்தச் செலவுப் பணமே ஆளுநர் அலுவலகம் வழியாக மாதாமாதம் சொட்டிக்கொண்டிருந்தது. வாயில் சோறு ஊட்டுபவரை யார் கேள்வி கேட்பது?

இதை மாற்ற நடந்த முயற்சிகளைப் பாருங்கள். 2018-இல் நான்காம் திருத்தம், சட்டமன்றப் பணத்தை நேரடியாகக் கொடுக்கச் சொன்னது. ஆளுநர்கள் அசையவில்லை. 2020 மேயில் அதையே வற்புறுத்திப் புஹாரி நிர்வாக ஆணை 10 போட்டார். 2021 ஏப்ரலில் நீதிமன்ற ஊழியர்களும் சட்டமன்ற ஊழியர்களும் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. 2023 மார்ச்சில் ஐந்தாம் திருத்தங்களில் நிதித் தன்னாட்சி மறுபடி எழுதப்பட்டது. எழுத்தில் இருப்பதும் வங்கியில் வருவதும் இன்னும் ஒன்றாகவில்லை. சபாநாயகர்கள் மாநாட்டின் தலைவராக இருப்பவரின் மேசையில் முதல் கோப்பு இதுவாகத்தான் இருக்க முடியும். திருத்தம் எதுவானாலும் 36-இல் 24 சட்டமன்றங்கள் ஒப்ப வேண்டும் என்பதால் அந்த மாநாட்டுக்கு உண்மையான எடை உண்டு.

---

கிழக்குவாசல் எழுதியது:

பனையோலையின் முதல் கேள்விக்கு இங்கேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓராண்டில் சபாநாயகர் ஆக முடிந்ததற்கு 2019-இன் எண்ணிக்கை முக்கியக் காரணம். 32-இல் 26 பி.டி.பி. முந்தைய சபையில் அந்தக் கட்சி எதிர்வரிசை. புதுமுகங்கள் நிறைந்த அவையில் இடைத்தேர்தலில் வந்த ஓராண்டு அனுபவமே மூப்பு ஆகிவிட்டது. ஆளுநரின் ஆதரவும் சேர்ந்தது. திறமை இல்லை என்று சொல்லவில்லை. ஆளுங்கட்சி வலுவாக இருந்த காலத்தில் எதிர்க்கட்சியில் நின்று ஜெயித்த துணிச்சல் சாதாரணமில்லை. அந்த நேரத்தில் ஏ.பி.சி.யில் சேர்ந்து வரிசையில் நின்றிருந்தால் 2019-இல் அவர் எங்கே இருந்திருப்பார்?

---

நிலாமுற்றம் எழுதியது:

2022-இல் துணை ஆளுநரை நீக்கியது இவர் சபாநாயகராக இருந்தபோதுதானே? அதைப் பற்றி யாராவது விரிவாக எழுதுங்களேன்.

---

சட்டக்குறிப்பு எழுதியது:

ஆமாம் நிலா. ஆனால் அதைப் புரிந்துகொள்ள 2006-க்குப் போக வேண்டும். ஓயோவின் சட்டமன்றத்துக்கு அது ஆறாத வடு.

2006 ஜனவரி 12. ஆளுநர் ரஷிதி லடோஜா பதவிநீக்கம். அப்போது இபாதானில் லமிதி அடெடிபு என்ற பெருந்தலை. மொலெத்தே என்ற பகுதியில் அவர் வீட்டு வாசலில் தினமும் பந்தி. அமலா, கிபெகிரி, எவேது. அமலா என்றால் பெருவள்ளிச் சாதிக் கிழங்கைக் காயவைத்து அரைத்த மாவுக் களி, பழுப்பு நிறம், கையில் ஒட்டாது. கிபெகிரி மஞ்சள் நிறக் காராமணிக் குழம்பு. எவேது வழவழப்பான கீரை. இந்தப் பந்தியால் அந்த அரசியலுக்கே ‘அமலா அரசியல்’ என்று பெயர் வந்தது. அடெடிபுவுக்கும் ஆளுநருக்கும் முறுகல். 32 உறுப்பினரில் 18 பேர் அடெடிபு பக்கம். சபாநாயகரோடு சேர்த்து 14 பேர் ஆளுநர் பக்கம்.

18 பேர் சட்டமன்றக் கட்டடத்துக்குள் போகாமல் டிரோவன்ஸ் என்ற ஹோட்டலில் கூடி நோட்டீஸ் தயாரித்தார்கள். கடைசியில் ஆளுநரை நீக்கினோம் என்று அறிவித்தார்கள். துணை ஆளுநர் அலாவோ-அகாலா பதவியேற்றார்.

32-இல் மூன்றில் இரண்டு 21.33, அதாவது 22 பேர் வேண்டும். 18 போதாது. 2006 நவம்பர் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது, டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, லடோஜா திரும்பி வந்து மீதிக் காலத்தை ஆண்டார். பிரிவு 188-இன் கடைசி உட்பிரிவு, இந்த நடவடிக்கையை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்கிறது. நீதிமன்றம் சொன்னது: அந்தப் பாதுகாப்பு முறைப்படி நடந்த நீக்கத்துக்குத்தான், முன்னால் உள்ள படிகளை மீறினால் நாங்கள் தலையிடுவோம். (அதே லடோஜா 2025 செப்டம்பரில் இபாதானின் ஒலுபாதானாக, அந்நகரத்து மன்னராக, முடிசூட்டிக்கொண்டார்.)

படிகள் இவை. குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பேர் கையெழுத்திட்ட நோட்டீஸ், ஓயோவில் 11 பேர். 7 நாளுக்குள் சபாநாயகர் அதைச் சம்பந்தப்பட்டவருக்கும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் சேர்ப்பிக்க வேண்டும். நோட்டீஸ் அவைக்கு வந்த 14 நாளுக்குள், விவாதமில்லாமல், விசாரிக்கலாமா என்று வாக்கெடுப்பு. 22 பேர் வேண்டும். அடுத்த 7 நாளுக்குள் தலைமை நீதிபதியிடம் சொல்லி ஏழு பேர் குழு. அந்த ஏழு பேரும் அரசு ஊழியரோ கட்சிக்காரரோ சட்டமன்ற உறுப்பினரோ ஆக இருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் வக்கீலோடு வந்து வாதாடலாம். 3 மாதத்துக்குள் அறிக்கை. நிரூபணமாகவில்லை என்றால் அத்தோடு சரி. நிரூபணம் என்றால் 14 நாளுக்குள் மறுபடி 22 பேர்.

இனி 2022. துணை ஆளுநர் ரவுஃப் ஒலானியன் ஜூன் தொடக்கத்தில் ஏ.பி.சி.க்கு மாறினார். பதவியை விடவில்லை. அதே மாதம் சபையில் நோட்டீஸ். அதிகார துஷ்பிரயோகம், நிதி ஒழுங்கின்மை, பணியைப் புறக்கணித்தல், கீழ்ப்படியாமை என்று குற்றச்சாட்டுகள். கையெழுத்திட்டவர்கள் 24 பேர். முதல் படிக்கு 11 போதும், ஆனால் 24 பேர் கையெழுத்து என்றால் கடைசி வாக்கெடுப்புக்குத் தேவையான 22-ஐ முதல் நாளே மேசையில் வைத்தாயிற்று. தலைமை நீதிபதி முந்தா அபிம்போலா குழு அமைத்தார். ஜூலை 18 அன்று நீக்கம். அன்றே வழக்கறிஞர் பாயோ லவால் துணை ஆளுநராகப் பதவியேற்றார்.

எண்ணிக்கை, இடம், தலைமை நீதிபதி வழியாகக் குழு: 2006-இல் தவறிய ஒவ்வொரு புள்ளியும் இதில் அடைக்கப்பட்டிருந்தது. கட்சி மாறியதற்காகத் துணை ஆளுநரை நீக்க அரசமைப்பில் நேரடி வழி இல்லை என்பதும் உண்மை. அந்த அளவில் இது அரசியல் நீக்கம் என்பதே என் கருத்து. சபாநாயகர் வேலையைச் சுத்தமாகச் செய்தார் என்பதும், அந்த வேலை ஆளுநருக்கு உதவியது என்பதும் சேர்ந்தே நிற்கின்றன.

---

பனையோலை எழுதியது:

அருமையான விளக்கம் ஐயா. துணை ஆளுநர் கட்சி மாறினால் பதவி போகாது. உறுப்பினர் மாறினால்?

---

கிழக்குவாசல் எழுதியது:

போக வேண்டும். பிரிவு 109. எந்தக் கட்சியில் ஜெயித்தாரோ அதை விட்டு வேறு கட்சிக்குப் போனால் இருக்கை காலி. விதிவிலக்கு இரண்டு: கட்சியில் பிளவு, அல்லது கட்சிகள் இணைதல். எல்லோரும் ‘பிளவு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தாவினார்கள். 2015-இல் அபெகுண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இறுக்கியது: மாவட்டச் சண்டை, மாநிலச் சண்டை எல்லாம் பிளவு ஆகாது, கட்சியே தேசிய அளவில் இயங்க முடியாத அளவுக்கு உடைய வேண்டும்.

இருந்தும் காலி என்று அறிவிக்க வேண்டியவர் சபாநாயகர். அவரே தாவியவர்களோடு இருந்தால்? ரிவர்ஸ் மாநிலத்தில் அதுதான் நடந்தது. 2023 டிசம்பரில் 27 பேர் ஏ.பி.சி.க்குப் போவதாக அறிவித்தார்கள். ஆளுநர் ஃபுபாரா மிச்சமிருந்த கைப்பிடி உறுப்பினர்களிடம் பட்ஜெட் வைத்து ஆட்சியை ஓட்டினார். 2025 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் அது சட்டமன்றமே ஆகாது என்று சொல்லி, முறையான பட்ஜெட் வரும்வரை மாநிலத்துக்குப் பணம் விடுவதையும் நிறுத்தியது. மார்ச் 18-இல் அதிபர் அவசரநிலை அறிவித்தார். ஆளுநர், சட்டமன்றம் இரண்டும் 6 மாதம் முடக்கம். உறுப்பினர்களின் வரவுசெலவு அதிகாரம் வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் ரிவர்ஸைப் படிக்க வேண்டும்.

---

வரவுசெலவு எழுதியது:

இன்னொரு ஓட்டையும் சொல்ல வேண்டும். தேர்தல் வழக்கு. தீர்ப்பாயத்தில் 21 நாளுக்குள் மனு, 180 நாளுக்குள் தீர்ப்பு, மேல்முறையீடு 60 நாள். ஆளுநர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போகும். சட்டமன்ற உறுப்பினரின் வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு முடிந்துவிடும்.

பிளாட்டோ மாநிலத்தில் இதன் கொடுமை தெரிந்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பி.டி.பி. அங்கே கட்சி மாநாட்டைச் சரியாக நடத்தவில்லை என்ற காரணத்தால் ஆளுநர் முட்ஃப்வாங்கின் வெற்றியையும், அதே காரணத்தால் அந்தக் கட்சியின் 16 சட்டமன்ற உறுப்பினர்களின் வெற்றியையும் ரத்து செய்தது. 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம், அது கட்சியின் உள்விவகாரம், தேர்தல் மனுவில் பேசவே கூடாது என்று ஆளுநரை மீட்டது. அந்த 16 பேருக்கு மேலே போக வழி இல்லை. ஒரே காரணம், அது தவறு என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, ஆனாலும் இருக்கை திரும்பவில்லை. 24 பேர் கொண்ட சபையில் 16 பேர். மக்கள் போட்ட ஓட்டு என்ன ஆனது? இதைத் திருத்தாமல் விட்டிருப்பது பெரிய அநியாயம்.

---

மரவள்ளி எழுதியது:

அதிலிருந்து வேட்பாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. படிவம் வாங்கும் முன் அந்த மாநிலத்தில் கட்சியின் வார்டு, உள்ளாட்சி, மாநில மாநாடுகள் மீது நீதிமன்றத் தடை ஏதாவது இருக்கிறதா என்று வக்கீலை வைத்துத் தேட வேண்டும். நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பது போல. தொழில் செய்பவர்கள் நிலத்துக்குப் பார்ப்பார்கள், கட்சிக்குப் பார்க்க மாட்டார்கள்.

---

நிலாமுற்றம் எழுதியது:

கடைசியாக ஒன்று. சபாநாயகர் பதவி போனால் உறுப்பினர் பதவியும் போய்விடுமா? லாகோஸில் என்னவோ நடந்ததே?

---

சட்டக்குறிப்பு எழுதியது:

போகாது. பிரிவு 92-இன்படி சபாநாயகரை நீக்க மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு பேர் தீர்மானம் போட வேண்டும். லாகோஸில் 40-க்கு 27, ஓயோவில் 22. அது நாற்காலியை மட்டும் தொடும், தொகுதியைத் தொடாது.

முதாஷிரு ஒபாசா, அகேகே 1 தொகுதியில் 2007-இலிருந்து உறுப்பினர், 2015-இலிருந்து சபாநாயகர். 2025 ஜனவரி 13 அன்று அவர் வெளிநாட்டில் இருந்தபோது சக உறுப்பினர்கள் நீக்கினார்கள். மொஜிசோலா மெராண்டா லாகோஸின் முதல் பெண் சபாநாயகர் ஆனார். மார்ச் 3 அன்று அவர் விலக, ஒபாசா மறுபடி அதே நாற்காலியில். நடுவில் அந்த ஏழு வாரமும் ஒபாசா அகேகேயின் உறுப்பினராகவே இருந்தார், சம்பளமும் வாக்குரிமையும் தொடர்ந்தன. உறுப்பினர் பதவியைப் பறிக்கத் தொகுதி மக்களுக்குத் தனி வழி இருக்கிறது, பிரிவு 110: பதிவான வாக்காளரில் பாதிக்கு மேல் கையெழுத்திட்டு மனு, தேர்தல் ஆணையம் 90 நாளுக்குள் வாக்கெடுப்பு நடத்தும். கையெழுத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் கட்டத்திலேயே மனு விழுந்துவிடும். இறந்தவர், ஊர் மாறியவர் பெயரெல்லாம் நீங்காத வாக்காளர் பட்டியலில் பாதி என்பது, தேர்தல் நாளில் வந்து ஓட்டுப் போடுகிறவர்களின் எண்ணிக்கையைவிடப் பெரிது.